தூரத்தில் இருப்பவனுக்காகப் பேசிய ஜான் ஆர்லட்

தாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகளில் மைக் பிடித்து வர்ணனை செய்கிறாராம், சுற்றுவட்டாரத்தில் நல்ல பேரும் இருக்கிறதாம். போன மேட்ச்சில் ஒரு பெரியவர் வந்து, "நல்லாத்தான் கத்தற, ஆனா ஜான் ஆர்லட்னு ஒருத்தர் இருந்தாரு, அவரக் கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். யார் அந்த ஆர்லட், ரேடியோவில் பேசியே ஒரு மனுசன் இவ்வளவு பேர் வாங்க முடியுமா, இந்த வேலையை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்பது கேள்வி.

அந்தப் பெரியவர் யாரென்று தெரியவில்லை, எங்கள் வயசு ஆளாகத்தான் இருக்க வேண்டும். நான் சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். வால்வு செட்டில் ஆரம்பித்து டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர் வரைக்கும் பிரித்து மாட்டியாகிவிட்டது. அதனால் நான் சொல்வதில் கிரிக்கெட் பாதி, ரேடியோ பாதி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

ஆர்லட் 1914 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வேலை, குடியிருந்ததும் அதன் வாசலில் இருந்த வீட்டில்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு காலேஜ் கிடையாது. முனிசிபல் ஆபீசில் கொஞ்ச நாள், அப்புறம் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளின் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் குமாஸ்தா. 1934-ல் சவுத்தாம்ப்டன் போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து பதினோரு வருடம் இருந்தார். போர்க்காலத்தில் குண்டு விழுந்த ஊர் அது. ராத்திரி பீட் போய்க்கொண்டே பழைய புத்தகக் கடைகளில் வாங்கியதைப் படித்தவர், கவிதையும் எழுத ஆரம்பித்தார், அது புத்தகமாகவும் வந்தது. போலீஸ்காரர் கவிதை எழுதுகிறாரே என்று ரேடியோக்காரர்கள் ஆச்சரியப்பட்டுக் கூப்பிட்டுப் பேசவிட்டதில்தான் மைக் பழக்கமானது.

கிரிக்கெட் ஆடத் தெரியுமா என்றால், ஆசை இருந்த அளவுக்குக் கை வரவில்லை. 1938 ஆகஸ்டில் வொர்ஸ்டர் மைதானத்தில் ஹாம்ப்ஷயருக்குப் பன்னிரண்டாவது ஆளாக இருந்திருக்கிறார், அவருடைய ஆட்ட வாழ்க்கையின் உச்சம் அதுதான். டெஸ்ட் ஆடியவர்கள் மட்டும்தான் வர்ணனை செய்ய வேண்டும் என்று இப்போது டிவி கம்பெனிகள் நினைக்கின்றன. ஆர்லட் இருந்த உலகத்தில் அந்தக் கணக்கு இல்லை, நல்லவேளை.

1945-ல் போலீஸ் வேலையை விட்டுவிட்டு பிபிசியில் சேர்ந்தார். சேர்ந்த இடம் கிழக்கத்திய சேவை, அதாவது இந்தியாவுக்கு ஒலிபரப்புகிற பிரிவு. இலக்கிய நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பதவி. சில வருடம் முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஜார்ஜ் ஆர்வெல். 1946 கோடையில் மூத்த பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. விஜய் மெர்ச்சன்ட், ஹசாரே, மன்கட், அமர்நாத், முஷ்டாக் அலி எல்லாரும் இருந்த அணி. போர் முடிந்து முதல் பயணம், இந்தியாவில் கேட்க ஆள் இருக்கும், ஆனால் பேச ஆள் வேண்டுமே. அங்கே கிரிக்கெட் பைத்தியமாக இருந்தவர் ஆர்லட்தான் என்பதால் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு, வொர்ஸ்டருக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும், நீயே போய்ப் பேசிவிட்டு வா என்று அனுப்பினார்கள். எட்டு வருடம் முன்னால் பன்னிரண்டாவது ஆளாக நின்ற அதே வொர்ஸ்டரில்தான் முதல் மைக்.

இரண்டு ஆட்டத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். இந்தியாவிலிருந்து வந்த வரவேற்பைப் பார்த்துவிட்டு, பயணம் முழுக்கப் பேசு என்று சொல்லிவிட்டார்கள். (அதே பயணத்தில்தான் சர்ரேக்கு எதிராக ஓவல் மைதானத்தில் நம்முடைய பத்தாவது, பதினொன்றாவது ஆட்டக்காரர்கள் சர்வதேயும் ஷூட் பானர்ஜியும் ஆளுக்கு ஒரு சதம் அடித்து கடைசி விக்கெட்டுக்கு 249 ரன் சேர்த்தார்கள். ஒன்பது விக்கெட் விழுந்தவுடனே ரேடியோவை அணைத்தவன் ஏமாந்துபோயிருப்பான்.) இங்கிலாந்துக்காரர்கள் அவரைக் கொண்டாட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். எனவே இந்த ஆளைத் தூக்கிவிட்டதில் நம்ம ஊர்க் காதுகளுக்குப் பங்கு உண்டு என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, அவருடைய தொழிலின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. லண்டன்காரனுக்குப் பேசுகிறவன் லார்ட்ஸ் மைதானம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வொர்ஸ்டரில் உட்கார்ந்துகொண்டு மதராசிலும் பம்பாயிலும் இருப்பவனுக்குப் பேசுகிறவன், மரம், மட்டை, மேகம், பந்து போடுகிறவர் ஓடிவருகிற திசை, கூட்டம் கோட்டு போட்டிருக்கிறதா கழற்றிவிட்டதா எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆர்லட் முதல் நாளிலிருந்தே பார்க்காதவனுக்காகப் பேசிப் பழகிவிட்டார். பிற்பாடு உள்நாட்டுக்காரர்களுக்குப் பேசும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

குரல் என்று பார்த்தால் அந்தக் காலத்து பிபிசி அளவுகோலில் அவர் தேறவே கூடாது. ஹாம்ப்ஷயர் கிராமத்துப் பேச்சு, கொஞ்சம் கரகரப்பு, ரகரத்தை உருட்டுகிற வழக்கம். மற்றவர்களெல்லாம் பெரிய பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உச்சரிப்பு. வெளிப்புற ஒலிபரப்புக்குத் தலைவராக இருந்த லோட்பினியர் என்பவர் அவரிடம் நேராகவே, உன் குரல் நயமில்லாத குரல், ஆனால் அதை ஈடுகட்டுகிற மாதிரி சுவாரசியமான மனசு இருக்கிறது என்கிற பொருளில் சொன்னாராம். வைதாரா வாழ்த்தினாரா என்று இன்னமும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் லோட்பினியர் சாதாரண ஆள் இல்லை. வர்ணனைக்கு ஒரு முறை வகுத்தவர். ஸ்கோரை அடிக்கடி சொல், பந்து ஓடும்போது பந்தை மட்டும் சொல், அது நின்றபிறகு மற்றதைச் சொல், இப்போதுதான் ரேடியோவைத் திருப்பியவனை மறக்காதே என்பது அதன் சாரம். அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் இதே காரணத்துக்காக மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்திருப்பார், முட்டை வேகவைக்கப் பயன்படுத்துவார்களே, அது. மணல் தீர்ந்ததும் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார்.

இப்போது என் பக்கத்துக் கதை. என் மாமா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார், கணக்கு வேலை. எழுபதுகளில் பள்ளி லீவுக்கும், பிற்பாடு செட் ரிப்பேருக்கும் மலையேறினால் அவருடைய எஸ்டேட் லைன் வீட்டில்தான் தங்குவேன். இங்கிலாந்து டெஸ்ட் என்றால் நமக்குச் சாயங்காலம் நாலு மணிவாக்கில் ஆரம்பித்து ராத்திரி பதினொன்று வரை போகும். பிபிசி உலக சேவையில் இடையிடையே வர்ணனை கொடுப்பார்கள். கீழே சேலத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் ஷார்ட்வேவ் வைத்தால் தறிப் பட்டறை ஸ்டார்ட்டரும் ட்யூப்லைட் சோக்கும் சேர்ந்து கர்ர்ரென்று ஒரே இரைச்சல், அதில் ஆளையே பிடிக்க முடியாது. மலை மேலே அந்தத் தொல்லை கிடையாது. ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, பீங்கான் குமிழ் போட்டு, ஒரு முனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து செட்டில் செருகினால் போதும், லண்டன் பக்கத்து வீடு. மழைக்காலம் என்பதால் மின்னல் வெட்டினால் மாமா ஓடிப்போய் கம்பியைக் கழற்றிவிடுவார், விக்கெட்டும் சரியாக அப்போதுதான் விழும்.

ஷார்ட்வேவில் ஒரு குணம் உண்டு. சத்தம் ஒரே சீராக வராது, ஏறும், இறங்கும், சில விநாடி அடியோடு போய்த் திரும்ப வரும். வேகமாகப் பேசுகிற வர்ணனையாளர் அந்த இறக்கத்தில் நாலு பந்தைத் தொலைத்துவிடுவார். ஆர்லட் நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விட்டுப் பேசுவார். ஒரு வார்த்தை கரைந்துபோனாலும் அடுத்த வார்த்தையை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். என்னைப் போல முனிசிபல் பள்ளி இங்கிலீஷ்காரனுக்கும் புரிந்தது இதனால்தான். மாமா அதிகம் படித்தவரில்லை, ஆனால் "இந்தக் கெழவன் பேசினா மட்டும் எனக்குப் பந்து தெரியுதுடா" என்பார்.

லார்ட்ஸ் மைதானம் சமதளம் இல்லை, ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் இரண்டரை மீட்டர் போல உயர வித்தியாசம் உண்டு, பந்து அந்தச் சரிவோடு சாயும் என்று நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது ரேடியோவில்தான். ஏற்காட்டுப் பையன்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை, அவர்கள் விளையாடுகிற எந்த இடமும் சரிவுதான், சிக்ஸர் அடித்தால் பந்து கீழே மிளகுக் கொடிக்குள் போய்விடும்.

அவர் பேசியதில் உலகப் புகழ் பெற்றது 1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம். இங்கிலாந்து 52 ரன்னுக்குச் சுருண்ட அதே நாள். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேன் தன் கடைசி டெஸ்ட்டில் இறங்குகிறார். நாலு ரன் எடுத்தால் வாழ்நாள் சராசரி நூறு. யார்ட்லி தலைமையில் இங்கிலாந்துக்காரர்கள் சுற்றி நின்று மூன்று முறை ஜே போடுகிறார்கள், கூட்டம் எழுந்து நிற்கிறது. எரிக் ஹாலிஸ் போட்ட இரண்டாவது பந்தில் போல்டு, பூஜ்யம். சராசரி 99.94-ல் நின்றுவிட்டது. அந்த இடத்தில் மைக்கில் இருந்தவர் ஆர்லட். அவர் அலறவில்லை. பிராட்மேன், போல்டு ஹாலிஸ், பூஜ்யம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அப்புறம் மெதுவாக, இப்படி ஒரு நேரத்தில் என்ன சொல்வது என்றார். உன் வாழ்க்கையின் பெரிய ஆட்டங்களை ஆடிய மைதானத்தில், எதிரணி சுற்றி நின்று வாழ்த்தி முடித்த கையோடு, கூட்டம் வழியெல்லாம் கை தட்டி அனுப்பிவைத்த பிறகு, பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியுமா, ஏன், பந்தே தெரியுமா என்று கேட்டார். அவ்வளவுதான். ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, ஒரு நிமிடச் சொச்சம், இயர்போன் போட்டுக் கேளுங்கள் தம்பி. எத்தனை இடத்தில் பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள்.

1975 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாய்டு 85 பந்தில் 102 அடித்தார். அதில் ஒரு அடியை, நடந்துபோகிற மனுசன் கைத்தடியால் முட்செடியின் தலையைத் தட்டிவிடுகிற மாதிரி என்றார் ஆர்லட். "பிரமாதமான ஷாட்" என்று ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், லாய்டு எவ்வளவு அலட்சியமாக அடித்தார் என்பது இந்த ஒரு வாக்கியத்தில்தான் தெரிகிறது. இதை அவர் முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு சொன்னாரா என்று சிலர் கேட்பார்கள். பதினோரு வருடம் தெருவில் நின்று மனிதர்களின் நடையையும் கையையும் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர் அவர். பார்த்ததை உடனே வாக்கியமாக்குவது போலீஸ் ஸ்டேஷனில் பழகியது, அதைச் சுருக்கமாகச் சொல்வது கவிதையில் பழகியது என்று நான் வைத்துக்கொள்வேன்.

சரி, பேச்சு மட்டும்தானா என்றால், எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது வேறு ஒரு விஷயத்தில். 1948-49 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணியோடு தென்னாப்பிரிக்கா போனார். அங்கே நிறவெறி ஆட்சி அப்போதுதான் ஆரம்பம். கறுப்பர்களை நடத்திய விதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். திரும்பும்போது கொடுத்த படிவத்தில் இனம் என்று கேட்ட இடத்தில் மனித இனம் என்று எழுதிக் கொடுத்தாராம். 1950-ல் பிபிசி கேள்வி-பதில் நிகழ்ச்சியில் அந்த அரசாங்கம் பெரும்பாலும் நாஜி அரசாங்கம்தான் என்று பேசப்போய், கொஞ்ச காலம் அந்த நிகழ்ச்சியிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் கேப் டவுனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பேசில் டி'ஒலிவெரா, வெள்ளையர் இல்லை என்பதால் சொந்த நாட்டு அணியில் ஆட முடியாதவர். ஆர்லட்டின் குரலை ரேடியோவில் கேட்டு, இந்த ஆள் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில், இங்கிலாந்தில் ஆட ஒரு வழி கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தார். ஆர்லட்டும் ஜான் கே என்ற பத்திரிகைக்காரரும் அலைந்து திரிந்து 1960-ல் லங்காஷயர் பக்கம் மிடில்டன் கிளப்பில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்து வொர்ஸ்டர்ஷயர், 1966-ல் இங்கிலாந்து டெஸ்ட் அணி. 1968-ல் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு அவரை எடுக்கவில்லை, பெரிய கூச்சல் எழுந்தது. காயத்தால் ஒருவர் விலகியதும் சேர்த்தார்கள், அவர் வந்தால் அணியை ஏற்க மாட்டோம் என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் சொன்னார், பயணமே ரத்து. 1970-ல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வருவதாக இருந்தபோது, நான் அதற்கு வர்ணனை செய்ய மாட்டேன் என்று ஆர்லட் முன்கூட்டியே அறிவித்தார். அந்தப் பயணமும் கடைசியில் நடக்கவில்லை. தன் குரலை எதற்குக் கொடுப்பது எதற்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்த வர்ணனையாளர்கள் ரொம்பக் குறைவு.

வாழ்க்கையில் அடியும் பட்டவர். 1958 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு பெல்கிரேடுக்குப் போய் கால்பந்து ரிப்போர்ட் எழுத ஆசைப்பட்டார், பத்திரிகை அவருக்குப் பதில் டோனி டேவிஸ் என்ற மூத்தவரை அனுப்பியது. திரும்பும் வழியில் முனிச்சில் விமானம் விபத்துக்குள்ளாகி இறந்த 23 பேரில் டேவிஸும் ஒருவர். பிறகு மூத்த மகன் கார் விபத்தில் போய்விட்டான், அன்று கட்டிய கறுப்பு டையை ஆர்லட் கழற்றவே இல்லை. இரண்டாவது மனைவியும் 1976-ல் இறந்தார். ஒயின் பிரியர், கமென்ட்ரி பெட்டிக்கே பாட்டிலோடு வருவார், கடைசிக் காலத்தில் ரொம்பச் சோர்ந்து பேசுவார், எல்லாம் உண்மை. இரண்டு முறை லிபரல் கட்சி சார்பில் தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கத்துக்கு வருகிறேன். இந்தியாவில் ரேடியோ கிரிக்கெட் வர்ணனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பம்பாயின் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான், 1934-ல். அவர் காலை முதல் மாலை வரை தனியாளாகப் பேசுவார், இன்னொருவரோடு மைக்கைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னபோது ஒதுங்கிக்கொண்டார். சென்னையில் பாலு அழகண்ணன். 1954-55-ல் மதராஸ் அணிக்கு முதல் ரஞ்சிக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன், பிறகு ஆகாசவாணியில் ஆங்கில வர்ணனை. தமிழில் என்றால் எண்பதுகளில் சேப்பாக்கத்திலிருந்து வந்த குரல்கள், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்கள். இவர்கள் ரெண்டு பேருமே ரேடியோ நாடகத்தில் ஊறியவர்கள், கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சியின் வானொலி அண்ணாவும்கூட. ஆர்லட் கவிதையிலிருந்து எடுத்து வந்ததை இவர்கள் நாடகத்திலிருந்து எடுத்து வந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவனுக்குக் காட்சி காட்டுவதுதானே ரேடியோ நாடகம்.

அதுவரைக்கும் ஆங்கிலம் கொஞ்ச நேரம், இந்தி கொஞ்ச நேரம் என்று மாறி மாறி வரும். இந்தி வந்தால் டீக்கடையில் ஸ்கோரை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பார்கள். தமிழ் வர ஆரம்பித்தபிறகு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் பொங்கல் டெஸ்ட்டுக்குப் புது பேட்டரி கேட்டு என் கடைக்கு வருவார்கள், குனிந்து பத்த வைக்கிற வேலை, தலை நிமிர முடியாது, காது மட்டும்தான் சும்மா இருக்கும். அவர்களுக்காகப் பேசப்பட்ட வர்ணனை அது. ஜப்பார் 2020 டிசம்பரில் காலமானபோது, இளவட்டங்களுக்கு யாரென்றே தெரியவில்லை.

இப்போது உங்களுக்கு நேராகச் சொல்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். டென்னிஸ் பால் மைதானத்தில் ஆர்லட் மாதிரிப் பேசினால் கல்லெறிவார்கள். அங்கே நிற்கிறவன் ஆட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கிறான், அவனுக்கு மேகத்தை விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது ஸ்கோர், எத்தனை பந்து பாக்கி, அடுத்து யார் இறங்குகிறான், பிறகு கொஞ்சம் கலாட்டா. உங்களைக் கத்தாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் அதே மேட்ச்சை யூடியூபில் நேரலை போடுகிறீர்கள் அல்லவா, அங்கேதான் விஷயம் மாறுகிறது. ஒரே ஒரு கேமரா, ஸ்டம்புக்குப் பின்னால், பந்து மேலே போனால் எங்கே போனது என்று தெரியாது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தறி ஓட்டுகிறவனும், பைக்கில் போகிறவனும், துபாயில் இருக்கிற ஊர்க்காரனும் கேட்கிறான். அவனுக்கு நீங்கள் ரேடியோக்காரர். "தூக்கிட்டாரு, தூக்கிட்டாரு, ஆகா!" என்றால் எந்தப் பக்கம், யார் ஓடுகிறார், பிடித்தாரா விட்டாரா? சத்தம் அடங்கியபிறகும் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்கள் பழைய வர்ணனையை எடுத்து, படத்தை மறைத்துவிட்டு, ஒரு ஓவர் கேளுங்கள். பந்து போடுகிறவர் இடது கையா வலது கையா என்று தெரிகிறதா, இப்போதுதான் கேட்க ஆரம்பித்தவனுக்கு ஸ்கோர் எத்தனை நேரத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் உங்கள் பக்கத்து மைதானங்களில் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுப் பழகித்தான் 2020 கடைசியில் இந்தியச் சட்டை போட்டார். அந்தக் காலத்தில் மைக்கில் இருந்தவர் அந்த யார்க்கரை, எங்கே குத்தியது, மட்டை எவ்வளவு தாமதமாக வந்தது என்று ரெண்டு வாக்கியத்தில் சொல்லிப் பதிவு செய்திருந்தால் இன்று அதற்கு என்ன மதிப்பு இருக்கும்!

பேசாமல் இருப்பதும் பழக வேண்டியதுதான். அமெரிக்காவில் வின் ஸ்கல்லி என்று ஒருவர், டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கு 1950-லிருந்து 2016 வரை 67 சீசன் பேசியவர். மைதானத்துக்கு வந்தவர்களே டிரான்சிஸ்டரில் அவரைக் கேட்டுக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள், நம்ம சேப்பாக்கம் காலரி மாதிரியே. 1974 ஏப்ரலில் ஹாங்க் ஆரன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்துப் பழைய சாதனையை முறித்தபோது, அடித்ததைச் சொல்லிவிட்டு மைக்கைக் கூட்டத்திடம் விட்டுவிட்டார். ரொம்ப நேரம் ஆரவாரம் மட்டும்தான். அதற்குப் பிறகுதான், தென் மாநிலம் ஒன்றில் ஒரு கறுப்பின மனிதருக்குக் கூட்டம் எழுந்து நிற்கிறது என்பதைச் சுட்டிக் காட்டினார்.

ஆர்லட் விடைபெற்றதும் அப்படித்தான். 1980-ல், இங்கிலாந்து-ஆஸ்திரேலியா நூற்றாண்டு டெஸ்ட், லார்ட்ஸ், செப்டம்பர் 2. அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட் வர்ணனை என்று எல்லாருக்கும் தெரியும், என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். தன் இருபது நிமிட முறை முடிந்ததும், டிரெவர் பெய்லிக்குப் பிறகு கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ் பேசுவார் என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மைதான ஒலிபெருக்கியில் செய்தியைச் சொன்னதும் கூட்டம் எழுந்தது, ஆஸ்திரேலியர்கள் ஆட்டத்தை நிறுத்திக் கை தட்டினார்கள், மட்டை பிடித்துக்கொண்டிருந்த பாய்காட் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார். பின்பு ஆல்டர்னி என்ற சின்னத் தீவில் குடியேறி, 1991 டிசம்பரில் அங்கேயே இறந்தார்.

கடைசிக் கேள்வி, பிழைப்பு. ஆர்லட்டே வெறும் வர்ணனையை நம்பிப் பிழைத்ததில்லை. முதலில் பிபிசி சம்பளம், அப்புறம் பத்திரிகை வேலை, 1968-லிருந்து ஓய்வு பெறும் வரை கார்டியன் பத்திரிகையின் கிரிக்கெட் நிருபர், கூடவே ஒயின் பற்றிய பத்தி, நிறையப் புத்தகங்கள். மைக்கிலிருந்து எழுந்து போய் அன்றைய ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வார். நம்ம ஊரில் கூத்தபிரான் ஆகாசவாணி ஊழியர். மற்ற பலருக்கும் மேட்ச்சுக்கு மேட்ச் கிடைக்கிற காசுதான், மாதச் சம்பளம் இல்லை. இன்று தமிழ் விளையாட்டு டிவி 2017-லிருந்து இருக்கிறது, வாழப்பாடி மைதானத்திலேயே தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் நடக்கின்றன, வாய்ப்பு முன்பைவிட அதிகம், ஆனால் அந்த நாற்காலிகளில் முன்னாள் ஆட்டக்காரர்கள்தான் முதலில் உட்காருவார்கள். எனவே கையில் இருக்கிற படிப்பையோ தொழிலையோ விடாதீர்கள். மாவட்ட லீக் ஆட்டங்களுக்குப் போய் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், ஸ்கோர் புக் தெரிந்த வர்ணனையாளர் நம்ம பக்கம் அபூர்வம். ரேடியோ நிலையங்களில் தற்காலிக அறிவிப்பாளர் குரல் தேர்வு வந்தால் விண்ணப்பம் போடுங்கள், தமிழ் உச்சரிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள், ழகரம் சுத்தமாக வர வேண்டும். டோர்னமென்ட் கமிட்டிக்காரர்களிடம் பேசுவதற்கு முன்னாலேயே காசை முடிவு செய்துகொள்ளுங்கள், பரிசளிப்பு முடிந்தபிறகு கேட்டால் சால்வை மட்டும்தான் கிடைக்கும்.